ஏழு சென்டிமீட்டர் குழாயும் ஒரு தெருவின் காற்றும்

பிரிட்டனில் பல ஊர்களின் மெயின் ரோட்டில் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தபடி நடந்தால், விளக்குக் கம்பத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் கட்டப்பட்டிருப்பது கண்ணில் படும். ஒரு விரல் நீளம்தான். மேல்முனையில் மூடி, கீழ்முனை திறந்தபடி. ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. யாரோ வேலையை முடித்துவிட்டு எடுக்க மறந்துபோன பொருள் மாதிரி இருக்கும். (அப்படி நினைத்தோ என்னவோ, பிடுங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அளவெடுப்பவர்களுக்கு இது ஒரு நிரந்தரத் தலைவலி.)

இந்தக் குழாய் அளப்பது நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயுவை. ஒரு தெரு மாசுபட்ட தெருவா இல்லையா என்று அரசாங்கம் முடிவு செய்ததில் இந்தக் குழாய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் இது தெருவுக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மருத்துவ நிறுவனத்தில் எட்வர்ட் பால்ம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். தொழிலாளி எவ்வளவு விஷவாயுவைச் சுவாசிக்கிறார் என்பதுதான் அவருடைய கேள்வி. அன்றைய வழக்கப்படி இதை அளக்க வேண்டுமானால் தொழிலாளியின் இடுப்பில் ஒரு பம்பைக் கட்ட வேண்டும், அது பேட்டரியில் ஓடி காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் கணக்கு போச்சு. பம்பின் வேகம் மாறினாலும் கணக்கு போச்சு. வேலை செய்யும் ஆளுக்கும் அது ஒரு இடைஞ்சல்.

பால்ம்ஸ் பம்பையே தூக்கி எறிந்துவிட்டார். 1973ல் கன்னிசன் என்பவரோடு சேர்ந்து பம்பு இல்லாத தனிநபர் அளவுகருவி பற்றி எழுதினார். 1976ல் அதே முறையில் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கான குழாய் வந்தது. இன்றைக்கும் அதற்குப் பெயர் பால்ம்ஸ் குழாய்.

பம்பு இல்லாமல் எப்படி அளப்பது? ஊதுபத்தியை அறையின் ஒரு மூலையில் வைத்தால் ஃபேன் போடாவிட்டாலும் வாசனை மெதுவாக மற்ற மூலைக்கு வந்து சேர்கிறது அல்லவா, அதேதான். வாயு அடர்த்தி அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே பரவும். எந்த வேகத்தில் பரவும் என்பதற்கு 1855லேயே அடால்ஃப் ஃபிக் விதி எழுதி வைத்துவிட்டார். அவர் வாயு வியாபாரி அல்ல, உடலியங்கியல் படித்தவர் என்பது ஒரு வேடிக்கை.

பால்ம்ஸ் செய்தது இதுதான். 7.1 சென்டிமீட்டர் நீளம், உள்ளே ஒரு சென்டிமீட்டர் சுமார் அகலம் உள்ள அக்ரிலிக் குழாய். மூடிக்குள் எஃகு வலைத் துண்டுகள். வலையில் ட்ரைஎத்தனோலமைன் என்ற திரவம் தடவியிருக்கும் (முகத்துக்குப் பூசும் கிரீம்களிலும் சேர்க்கிறார்கள்). கீழே திறந்த முனை வழியாக வாயு உள்ளே நுழைந்து மேலே பரவும், வலையில் பட்டதும் அந்தத் திரவம் அதைப் பிடித்து நைட்ரைட்டாக மாற்றிக்கொள்ளும். வலைக்குப் பக்கத்தில் வாயுவே மிச்சமிருக்காது. ஆகவே கீழ்முனையில் வெளிக்காற்றின் அடர்த்தி, மேல்முனையில் பூஜ்யம். குழாயின் நீளமும் அகலமும் தெரியும், எத்தனை மணி நேரம் தொங்கியது என்பதும் தெரியும். மேலே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கீழே காற்றில் சராசரியாக எவ்வளவு இருந்தது என்பது ஒரு பெருக்கல் வகுத்தல்தான்.

எவ்வளவு சேரும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1.2 மில்லிலிட்டர் காற்றைச் சலித்து எடுப்பதற்குச் சமம். நாலு வாரத்துக்குச் சேர்த்தால் 50 லிட்டர் வாக்கில் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏழெட்டு நிமிடத்தில் இழுத்து விடுகிற காற்று அவ்வளவுதான்! காற்றில் ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் இருந்தால், மாதம் முழுக்கத் தொங்கிய குழாயில் கிடைப்பது மொத்தம் சுமார் 2 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு.

இவ்வளவு துளியை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் ஒரு பீர் தொழிற்சாலை வருகிறது :-) பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானிய வேதியியலர் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் ஆல்சாப் மதுபான ஆலையில் 1862லிருந்து வேலை பார்த்தவர். நைட்ரைட்டை நிறம் மாற்றிக் காட்டும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். 1954ல் சால்ட்ஸ்மேன் அதைக் காற்றிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்கும்படி மாற்றியமைத்தார். குழாயின் மூடிக்குள் கலவையை ஊற்றினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு வாயு. பீர் ஆலைக்காரரின் பெயரிலுள்ள சோதனைதான் நூறு வருடம் கழித்து ரோட்டுப் புகைக்குக் கணக்குப்பிள்ளை ஆனது.

தொழிற்சாலையை விட்டுக் குழாய் முதலில் போனது தெருவுக்கு அல்ல, சமையலறைக்கு. கேஸ் அடுப்பு உள்ள வீடுகளையும் மின் அடுப்பு உள்ள வீடுகளையும் ஒப்பிட்டு பால்ம்ஸ் குழுவினர் 1977ல் எழுதினார்கள். கேஸ் அடுப்பு வீடுகளில்தான் அளவு அதிகம். சத்தம் போடாத, மின்சாரம் கேட்காத ஒரு பொருள் என்பதால்தான் வீட்டுக்குள்ளேயே மாட்டிவிட்டு வர முடிந்தது.

தெருவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். அவர்களுக்குக் காற்று விஷயத்தில் பழைய காயம் உண்டு. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தில் செத்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் சொன்னார்கள், பிற்கால ஆய்வுகள் 12,000 வரை போயின. 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரிப்புகை படிப்படியாகக் குறைந்தது, வானம் தெளிந்தது, பிரச்சினை தீர்ந்தது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அதே காலத்தில் ரோட்டில் வண்டிகள் பெருகிக்கொண்டே போயின. எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துவிடும். வெளியே வந்ததும் ஓசோனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகும். தெருவில் சாதாரணமாக இருக்கும் அளவில் அது கண்ணுக்குத் தெரியாது. 1952ன் புகையைப் பார்க்க கருவி தேவைப்படவில்லை, இதற்குத் தேவைப்பட்டது.

கருவி இருந்தது, விலைதான் பிரச்சினை. ஓசோனோடு வினைபுரியும்போது வரும் மெல்லிய ஒளியை வைத்து அளக்கும் தானியங்கி இயந்திரங்கள் மணிக்கு மணி கணக்குச் சொல்லும். ஆனால் ஒன்றின் விலை பல ஆயிரம் பவுண்டு, அதற்கு ஒரு அறை, மின்சாரம், ஏ.சி., பராமரிக்க ஆள். குழாயோ சில பவுண்டுதான். ஒரு இயந்திரத்தின் காசில் ஊர் முழுக்கக் குழாய் கட்டலாம். வணிகவியல் மாணவனுக்குப் புரியும்படி சொன்னால், இயந்திரம் தினசரிக் கேஷ் புக், குழாய் மாதக் கடைசி இருப்பு மட்டும். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு என்ன நடந்தது என்று குழாயிடம் கேட்கவே முடியாது.

அணுசக்தி ஆராய்ச்சிக்குப் பேர்போன ஹார்வெல் ஆய்வகத்தில் அட்கின்ஸ் உள்ளிட்ட குழுவினர் குழாயை வெளியில் பயன்படுத்துவது எப்படி என்று சோதித்து 1986ல் அறிக்கை எழுதினார்கள். அதே வருடம் வாரன் ஸ்ப்ரிங் ஆய்வகம் நாடு தழுவிய முதல் குழாய்க் கணக்கெடுப்பை நடத்தியது, 1991ல் மறுபடியும் நடத்தியது. அந்த 1991 டிசம்பரிலேயே லண்டனில் காற்று அசையாமல் நின்ற சில நாட்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு ஒரு மணி நேர அளவு 400 பிபிபியைத் தாண்டியது. இந்த முறை குற்றவாளி கரி அல்ல, வண்டிகள். 1993ல் நிரந்தரமான குழாய் வலைப்பின்னல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவி, 2005 வரை நடந்தது.

இதற்கு நடுவில் 1995ல் சுற்றுச்சூழல் சட்டம் வந்தது. உள்ளூர் நகராட்சிகளே தங்கள் காற்றை ஆராய வேண்டும், இலக்கைத் தாண்டும் பகுதிகளை அடையாளம் கண்டு அறிவிக்க வேண்டும், சரிசெய்யத் திட்டம் போட வேண்டும் என்பது கட்டாயமானது. ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், 2005 முடிவுக்குள். 41 என்றால் உள்ளே, 39 என்றால் வெளியே. குழாயின் சுபாவம் தெரியாதவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும்.

ஏனென்றால் குழாய் பொய் சொல்லும். வேண்டுமென்று அல்ல, ஆனால் சொல்லும்.

முதல் காரணம் காற்று வீசுவது. ஃபிக் விதி குழாய்க்குள் காற்று அசையாமல் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. தெருவில் லாரி போனால் திறந்த முனைக்குள் சுழல் புகுந்துவிடும். 7.1 சென்டிமீட்டர் நடக்க வேண்டிய வாயு ஆறு சென்டிமீட்டர்தான் நடக்கிறது, ஆகவே அதிகமாகச் சேரும். இரண்டாவது காரணம் இன்னும் நுட்பம். வண்டியிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடும் ஓசோனும் குழாய்க்குள்ளேயே சந்தித்து அங்கேயே புதிதாக நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்கிவிடும். வெளியில் இதை உடைக்கும் சூரியனின் புற ஊதாக் கதிரை அக்ரிலிக் சுவர் தடுத்துவிடுகிறது, ஆகவே உள்ளே பிறந்தது அப்படியே நிற்கும். இந்த இரண்டும் கூட்டிச் சொல்லும் பிழைகள். மாறாக நீண்ட நாள் தொங்கினால் பிடித்து வைத்தது கொஞ்சம் சிதையலாம், அது குறைத்துச் சொல்லும் பிழை. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஆய்வகமும் திரவத்தை ஒவ்வொரு விதமாகத் தயாரித்தது. ஒருவர் தண்ணீரில் 20 சதவீதம், இன்னொருவர் அசிட்டோனில் 50 சதவீதம். ஒரே கம்பம், ஒரே மாதம், இரண்டு ஆய்வகத்துக்கு இரண்டு விடை.

குழாயைத் தூக்கிப் போடவில்லை. செய்தது அக்கவுண்ட்ஸ்காரர்கள் செய்வதேதான், பாங்க் ரீகன்சிலியேஷன். தானியங்கி இயந்திரம் இருக்கும் இடத்தில் அதன் காற்று உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்திலேயே மூன்று குழாய்களைக் கட்டுவார்கள். வருடம் முழுக்க இரண்டு கணக்கையும் ஒப்பிட்டு ஒரு திருத்தக் காரணி கண்டுபிடிப்பார்கள். பிறகு அதே ஆய்வகத்தின் குழாய்கள் எல்லாவற்றையும் அந்த எண்ணால் பெருக்குவார்கள். நாட்டின் எல்லா ஒப்பீடுகளும் ஒரே அட்டவணையில் தொகுக்கப்பட்டன. லண்டன் மேரிலபோன் ரோட்டில் ஆய்வகங்களின் குழாய்களை வரிசையாக மாட்டி மாதாமாதம் சோதித்தார்கள்.

இந்தக் காரணியில்தான் எல்லாமே தொங்குகிறது. உதாரணத்துக்கு ஒரு தெருவில் குழாய் 46 என்று காட்டுகிறது என்று வையுங்கள். காரணி 0.85 என்றால் 39.1, தெரு தப்பித்தது. 0.90 என்றால் 41.4, மாட்டிக்கொண்டது. அங்கே புதிய குடியிருப்பு கட்டலாமா, பஸ்ஸைத் திருப்பிவிடுவதா, லாரியைத் தடுப்பதா என்ற கேள்விகள் எல்லாம் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓரிரு இலக்கத்தில் நிற்கின்றன. அந்த வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் படுத்திருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு 39க்கும் 41க்கும் வித்தியாசம் தெரியாது. சட்டத்துக்குத் தெரியும்.

2005 வந்தது, போனது. பல தெருக்களில் அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. புதிய எஞ்சின் விதிகள் காகிதத்தில் கடுமையாகிக்கொண்டே போயின, ரோட்டோர அளவுகளோ அசைய மறுத்தன. 2001லிருந்து பிரிட்டன் கார் வரியைக் கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்துப் போட்டதால் டீசல் கார்கள் பெருகியிருந்தன. சோதனைச் சாலையில் நல்ல பிள்ளையாக இருக்கும் டீசல் எஞ்சின் ரோட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்பது 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் மோசடி வெடித்தபோதுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. கம்பத்தில் தொங்கிய குழாய்கள் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே கணக்கு உதைக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தன. அதே 2015 ஏப்ரலில் கிளையன்ட் எர்த் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், நைட்ரஜன் டை ஆக்சைடு வரம்பை எட்டப் புதிய திட்டம் போடும்படி பிரிட்டிஷ் அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

லண்டன் லூயிஷமில் பரபரப்பான சவுத் சர்குலர் ரோட்டுக்கு அருகில் வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி, கடுமையான ஆஸ்துமாவால் 2013 பிப்ரவரியில் இறந்தாள். வயது ஒன்பது. தாய் ரோசமண்ட் விடாமல் போராடி மறுவிசாரணை வாங்கினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி காற்று மாசு அந்த மரணத்துக்குக் காரணங்களில் ஒன்று என்று தீர்ப்பளித்தார். அப்பகுதியில் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்ட வரம்பைத் தாண்டியிருந்ததும் அதில் பதிவானது. பிரிட்டனில் ஒருவரின் இறப்புக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுவே முதல் முறை.

குழாய் மலிவு என்பதால் இன்னொன்றும் நடந்தது. அது பொதுமக்கள் கைக்குப் போனது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2018 மே மாதம் 20,000 பங்கேற்பாளர்கள் தெருவைப் பார்த்த ஜன்னலில் குழாய்களை மாட்டினார்கள். ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகமும் டி ஸ்டாண்டார்ட் நாளிதழும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து நடத்திய இதன் பெயர் 'குரியூஸ நூஸன்'. ஆர்வமுள்ள மூக்குகள் என்று வைத்துக்கொள்ளலாம், நம்மூர் பாஷையில் மோப்பம் பிடிப்பவர்கள் :-) முடிவுகள் அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பே வரைபடமாக வெளிவந்தன. நகரம் கெட்டது, கிராமம் நல்லது என்ற நினைப்பு அதில் அடிபட்டது. இருபுறமும் வீடுகள் நெருங்கி நின்று நடுவில் வண்டிகள் நெரியும் சின்ன ஊர்த் தெருக்களிலும் அளவு அதிகமாக இருந்தது.

இப்போது கோடே நகர்ந்துவிட்டது. 2021ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டு அளவை 40லிருந்து 10க்கு இறக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் இயற்றிய புதிய விதிப்படி 2030லிருந்து வரம்பு 20. இவ்வளவு சின்ன எண்களுக்குக் குழாயை வைத்து அளப்பது பழையதைவிடக் கஷ்டம். வலையில் சேர்வது இன்னும் குறைவு, பயணத்திலும் ஆய்வகத்திலும் தவறி ஒட்டிக்கொள்வதோ அதே அளவு. சுழல் புகாமலிருக்க திறந்த முனையில் ஒரு மெல்லிய சவ்வு வைக்கும் குழாய்கள் வந்திருக்கின்றன. சவ்வு வைத்தால் காற்றின் தொந்தரவு குறையும், ஆனால் வாயு உள்ளே பரவும் வேகமும் மாறும். அதற்கு மறுபடியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று குழாய்களைக் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, புதிய காரணி போட வேண்டும்.