மின்சார சைக்கிள்

பெடலை மிதிப்பவருக்கு மோட்டாரும் சேர்ந்து உதவும் மிதிவண்டியே மின்சார சைக்கிள். மின்மிதிவண்டி என்றும் எழுதுவர். பேச்சு வழக்கில் ‘இ-பைக்’ என்பது மின்சார ஸ்கூட்டரையும் மோட்டார் சைக்கிளையும் சேர்த்தே குறிப்பதால், எது சைக்கிள் என்பதைச் சட்டம்தான் வரையறுக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதி 2(யு) அதைச் செய்கிறது. மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தை எட்டும்போதோ பெடலை நிறுத்தும்போதோ மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். இவற்றுக்கு உட்பட்டால் உரிமமும் பதிவெண்ணும் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பும் 250 வாட், 25 கி.மீ. தான். அங்கே 45 கி.மீ. வரை உதவும் வேக வகை தனி. ஜெர்மனியில் அதற்குக் காப்பீட்டுத் தகடும் ஹெல்மெட்டும் கட்டாயம்.

கருத்து பழையது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்டன் போல்டன், பின்சக்கர மையத்தில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895 டிசம்பர் 31 அன்று காப்புரிமை பெற்றார். அவருடைய படத்தில் பேட்டரி, சைக்கிள் சட்டத்தின் நடு முக்கோணத்தில் தொங்குகிறது. இன்றைக்குப் பல வண்டிகளில் அது இருப்பதும் அங்கேதான். ஆனால் அன்றைய பேட்டரியின் கனத்தைச் சுமந்துகொண்டு அந்த வண்டி வெகுதூரம் போக வழியில்லை. 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், காலின் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப உதவும் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு லித்தியம் அயனி பேட்டரி வந்து சுமையைக் குறைத்தது. குறைத்தது என்றாலும் தீர்க்கவில்லை: சாதாரண சைக்கிள் 12 முதல் 18 கிலோ என்றால், மின்சார சைக்கிள் பெரும்பாலும் 20 முதல் 28 கிலோ.

கடையில் மோட்டாரின் வாட் கணக்கு பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். எடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டாம் மாடியில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது எடையைத்தான். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது நல்லது. தூக்க முடியாது என்று தெரிந்தால், பேட்டரியை மட்டும் கழற்றி மேலே எடுத்துச் செல்லும்படியான வண்டியே சரி. சட்டத்துக்குள் பேட்டரியைக் கழற்ற முடியாதபடி புதைத்த வண்டிகள் பார்க்க அழகு. ஆனால் சார்ஜ் போட வண்டியே பிளக் பாயின்ட்டுக்கு வந்தாக வேண்டும்.

மோட்டார் இரண்டு இடங்களில் அமையும். சக்கரத்தின் மையத்தில் இருந்தால் ஹப் மோட்டார். பெடல் அச்சில் இருந்தால் நடு மோட்டார். நடு மோட்டார் கியர் வழியாக வேலை செய்வதால் மேட்டில் திணறாது. ஆனால் அதன் விசை முழுக்கச் செயின் மேல் விழுவதால் செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். சமதளமான ஊருக்கு ஹப் மோட்டார் தாராளமாகப் போதும், விலையும் குறைவு. அதன் தொல்லை பஞ்சரின்போதுதான் தெரியும். பின்சக்கரத்தைக் கழற்ற முதலில் மோட்டாரின் ஒயரைப் பிரிக்க வேண்டும். பிறகு அச்சின் நட்டு. பெரும்பாலும் 18ஆம் நம்பர் ஸ்பானர் கேட்கும். நட்டுக்கு அடியில் பல் வைத்த வாஷர் ஒன்று இருக்கும். திரும்பப் பூட்டும்போது அதை விட்டுவிட்டாலோ மாற்றிப் போட்டாலோ, மோட்டார் உதைக்கும்போது அச்சு சுழன்று ஒயரையே அறுத்துவிடும். தெருமுனை பஞ்சர் கடைக்காரர் இந்த வண்டியைக் கண்டு தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்த ஸ்பானரை வண்டியோடு வைத்திருப்பதும், வாஷர் இருந்த நிலையைக் கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்வதும் பயன் தரும்.

சென்சாரைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஓட்டும் சுகத்தைத் தீர்மானிப்பதோ அதுதான். மலிவான வண்டிகளில் பெடல் சுழல்கிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். அரைச்சுற்று மிதித்த பிறகு மோட்டார் திடீரென்று தள்ளும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இது எரிச்சல். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சாரில், மெல்ல மிதித்தால் மெல்ல, அழுத்தினால் பலமாக உதவி வரும். காசு மிச்சம் பிடிக்க வேறு எதையாவது குறைத்துக்கொள்ளலாம்.

பேட்டரியின் கொள்ளளவு வாட் மணியில் சொல்லப்படும்: வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் போதும். 36 வோல்ட், 14 ஆம்பியர் மணி என்றால் 504 வாட் மணி, அதாவது மின்வாரியக் கணக்கில் அரை யூனிட். கிலோமீட்டருக்கு 10 வாட் மணி செலவானால் 50 கி.மீ. போகலாம். எதிர்க்காற்றும் மேடும் பின்னால் உட்கார்ந்தவரும் இதைக் குறைப்பார்கள்.

துணைக்கருவிகளில் பிரேக் முதலில் வரும். கனமும் வேகமும் கூடியிருப்பதால் ஆயில் டிஸ்க் பிரேக் வீண் செலவல்ல. பேட்டரியிலிருந்தே எரியும் விளக்கு, முழு மட்கார்டு, தடித்த டயர், தாங்கும் எடை பொறிக்கப்பட்ட கேரியர் ஆகியவை அன்றாட வண்டிக்குத் தேவை. பேட்டரிக்குத் தனிப் பூட்டுச்சாவி இருக்கும்; திருடனுக்கு முழு வண்டியைவிடப் பேட்டரி சுலபம்.

சார்ஜரை மட்டும் மாற்றிப் போடக் கூடாது. 36 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 42 வோல்ட்டில் நிற்கும். 48 வோல்ட்டுக்கு உரியது 54.6 வரை ஏற்றும். இரண்டின் செருகுமுனையும் ஒரே மாதிரி இருந்துவிடலாம். பாதுகாப்புச் சுற்று பழுதான பேட்டரியில் தவறான சார்ஜரைச் செருகினால் தீப்பிடிக்கலாம். சீனாவின் நான்ஜிங் நகரில் 2024 பிப்ரவரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 15 பேர் இறந்தனர். மின்சார வண்டிகள் நிறுத்தியிருந்த கீழ்த்தளத்தில்தான் தீ தொடங்கியது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், யு.எல். 2849 தரச்சான்று இல்லாத மின்சார சைக்கிளை விற்கத் தடை விதித்தது. வீட்டுக்குள் சார்ஜ் போடுவோர் வாசல் வழியை மறிக்காத இடமாகப் பார்ப்பதும், தூங்கப் போகுமுன் பிளக்கைக் கழற்றுவதும் அவசியம்.

வண்டியை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகும்போது எடை மறுபடியும் குறுக்கே நிற்கும். காரின் டிக்கியில் பட்டையால் கட்டித் தொங்கவிடும் தாங்கிகள் பலவும் இந்தக் கனத்துக்கானவை அல்ல. காரின் கூரைமேல் 25 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பதும் லேசில் முடிகிற காரியமில்லை. ஐரோப்பாவில் காரின் இழுவைக் கொக்கியில் பொருத்தும் மேடைத் தாங்கியையே நாடுகிறார்கள். அதிலும் கணக்குண்டு. கொக்கி 75 கிலோ தாங்கும், தாங்கி 18 கிலோ என்றால் மிச்சம் 57. தலா 27 கிலோ உள்ள இரண்டு வண்டிகள் ஏறினால் 54, மூன்றாவதற்கு இடமில்லை. பேட்டரிகளைக் கழற்றி காருக்குள் வைத்தால் வண்டிக்கு இரண்டரை, மூன்று கிலோ குறையும். பேட்டரி பொருந்தும் முனையை மழையும் தூசியும் படாமல் மூட வேண்டும். வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுப்போகக் கூடாது. குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றுவதானால் நிற்கவைத்துக் கட்டுவதே நல்லது. படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும்.

பொதுப் போக்குவரத்தில் ஊருக்கு ஊர் விதி மாறும். லண்டனில் பாதாள ரயிலில் 2025 மார்ச் 31 முதல், மடக்க முடியாத மின்சார சைக்கிள்களை ஏற்ற அனுமதியில்லை. விமானத்தில் இதன் பேட்டரிக்கு இடமே இல்லை: பயணி கொண்டுபோகும் லித்தியம் பேட்டரி 100 வாட் மணி வரை இருக்கலாம், விமான நிறுவனம் ஒப்பினால் 160 வரை. மேலே கணக்கிட்ட 504 வாட் மணி பேட்டரி அதைப்போல மூன்று மடங்கு. பேட்டரி இல்லாமல் சைக்கிளை மட்டும் பெட்டியில் கட்டி அனுப்ப முடிந்தாலும், போன இடத்தில் அதே வகைப் பேட்டரி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பெரும்பாலோர் சைக்கிளையே அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.