அல்லிக்கேணியில் பூவும் புழுவும்

திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இருப்பதால், இங்கு வழிபாடு ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாகத் தொடர்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வழிபாடு தொடர வேண்டுமானால் பூவும் துளசியும் நாள் தவறாமல் வந்துசேர வேண்டும். வைணவ மரபில் பூ வளர்த்துத் தொடுத்துச் சார்த்துவது புஷ்ப கைங்கரியம் எனப்படும் தனித் தொண்டாகும். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும், இராமானுசரின் சீடரான அனந்தாழ்வான் திருமலையிலும் நந்தவனம் அமைத்துப் பேணியவர்கள். வழிபாட்டு மரபு வாடிய பூவையும், தரையில் உதிர்ந்ததையும், பிறர் முகர்ந்ததையும் மட்டுமன்றி, புழு இருந்ததையும் பூச்சி அரித்ததையும் விலக்குகிறது. எனவே பூக்குடலையோடு செடியருகே நிற்பவர் ஒவ்வொரு மொட்டையும் திருப்பிப் பார்த்தே பறிக்க வேண்டியிருந்தது. பூச்சியை இனங்காணும் பழக்கத்துக்கு இந்த விலக்கைவிட நல்ல பயிற்சி வேறு இருந்திருக்க முடியாது.

மல்லிகையை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். மொட்டின் பக்கவாட்டில் சிறு வட்டத் துளை இருந்து, அடுத்தடுத்த மொட்டுகள் மெல்லிய நூலால் பிணைந்திருந்தால், உள்ளே இருப்பது மொட்டுப்புழு, அதாவது ஒரு சிறு அந்துப்பூச்சியின் பச்சை நிறப் புழு. துளை எதுவும் இல்லாமல் மொட்டின் அடிப்பகுதி மட்டும் வீங்கி, ஊதா நிறமேறி, மலராமலே காய்ந்தால் அது கொசுவினும் சிறிய மொக்கு ஈயின் வேலை. இந்த ஈயின் புழு வளர்ந்தபின் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாவதால், செடியின் அடி மண்ணைக் கொத்திவிடுவது இதற்கு நேரான மருந்தாகிறது. இலையின் மேற்பரப்பில் வெளிறிய புள்ளிகளும் அடியில் நுண்ணிய வலையும் தென்பட்டால் செம்பேன் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். எட்டுக் கால் உடைய இது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று, சிலந்திக்கு உறவு. துளசியின் இலை சுருண்டு, அடிப்புறத்தில் கரும்புள்ளிகளாக எச்சம் படிந்திருந்தால், கண்ணாடி போன்ற வலைப்பின்னல் இறக்கை கொண்ட ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி அங்கே கூட்டமாக இருக்கும். கெட்ட மொட்டைக் கிள்ளி அழிப்பது, பூப்பு ஓய்ந்தபின் கவாத்து செய்து பழைய கிளைகளோடு பூச்சியின் இருப்பிடத்தையும் நீக்குவது, சாம்பல் தூவுவது, வேப்பம் பிண்ணாக்கு இடுவது ஆகிய பழைய முறைகள் யாவும் பூச்சி எங்கே தங்குகிறது என்ற அறிவின்மேல் எழுந்தவை.

திருவல்லிக்கேணி 1676இல் கோல்கொண்டா ஆட்சியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டில் சென்னையில் பூச்சியைப் பற்றிய முற்றிலும் வேறான ஓர் ஆர்வம் பிறந்தது. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் என்னும் சிறு பூச்சியின் பெண்ணுடலைக் காயவைத்து எடுக்கும் செஞ்சாயம் ஐரோப்பாவில் பெருவிலை பெற்றது. அதன் வாணிகம் ஸ்பானியர் பிடியில் இருந்தது. கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அச்சாயத்தைச் சென்னையிலேயே உண்டாக்க விரும்பி, லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதங்கள் எழுதி, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றையும் ஏற்படுத்தினார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சியோ உயர்ந்த சாயம் தரும் இனமாக இல்லை. சாயத் தொழில் நலிந்தது; ஆனால் அந்தப் பூச்சி தான் பரவிய இடங்களில் கள்ளியை வேரறுத்தது. வேலியாக நட்ட கள்ளி வயல்களை ஆக்கிரமித்திருந்த நிலையில், 1836 முதல் 1838 வரை அதே பூச்சி தென்னிந்தியாவில் வேண்டுமென்றே விடப்பட்டுக் களையை அடக்கியது. ஒரு செடியை அதன் பூச்சியைக் கொண்டே கட்டுப்படுத்திய உலக முன்னோடி நிகழ்வாக அறிவியலார் இதைக் கருதுகின்றனர். சாயத்துக்காகத் தொடங்கிய முயற்சி உயிரியல் கட்டுப்பாடு என்ற துறைக்கு வழிகாட்டியது சென்னையின் வரலாற்றில் உரிய அளவு பேசப்படாதது வருந்தத்தக்கது.

1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் கதீட்ரல் சாலையில் தன் தோட்டத்தை வைத்து, நகர வீடுகளுக்கு அயல்நாட்டுப் பூச்செடிகளைப் பரப்பியது. புதிய செடிகள் வந்தால் அவற்றின் மண்ணோடும் தண்டோடும் புதிய பூச்சிகளும் வந்துசேர வாய்ப்புண்டு. அக்காலத் தோட்டக்காரரின் முதன்மை மருந்து மண்ணெண்ணெய்க் குழம்பாகும்: சூடான சவர்க்கார நீர் ஒரு பங்குக்கு மண்ணெண்ணெய் இரண்டு பங்கு சேர்த்து, வெண்ணெய் போலத் திரளும்வரை அடித்து, பல மடங்கு நீர் விட்டுத் தெளிப்பார்கள், எண்ணெய்ப் படலம் பூச்சியின் உடலிலுள்ள மூச்சுத்துளைகளை அடைத்துக் கொல்லும், அளவு மிஞ்சினால் இலையையும் கருக்கிவிடும். பெயின்பிரிக் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914இல் வெளியிட்ட நூலும், டி. வி. ராமகிருஷ்ண ஐயர் 1940இல் எழுதிய பொருளியல் பூச்சியியல் கையேடும் இம்முறைகளை முறைப்படுத்தின. இடையில் 1919இல் சென்னை மாகாணம் பயிர்ப் பூச்சிகள், நோய்கள் குறித்துத் தனிச் சட்டமே இயற்றியது. ஐயரின் நூல் ஒவ்வொரு பூச்சிக்கும் அதன் பருவத்தையும் வாழ்க்கைச் சுற்றையும் விரித்துரைத்த பின்னரே மருந்துக்கு வருகிறது. அந்த வரிசையே அந்நூலின் சிறப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி.யும் பி.எச்.சி. தூளும் கடைகளில் மலிந்தபோது இந்த வரிசை கலைந்தது. எந்தப் பூச்சியானாலும் ஒரே தூள் கொல்லும் என்றானபின், மொட்டைத் திருப்பிப் பார்க்கும் தேவை குறைந்தது. தீயதோடு அதைத் தின்னும் நன்மைப் பூச்சியும் மடிந்தது. இந்தியாவில் டி.டி.டி. 1989இல் வேளாண்மையிலிருந்து விலக்கப்பட்டது, பி.எச்.சி. 1997இல் தடை செய்யப்பட்டது.

இதற்குள் திருவல்லிக்கேணியில் மண்ணில் வேரூன்றிய தோட்டங்கள் அருகி, பூச்செடிகள் மொட்டை மாடித் தொட்டிகளுக்கு ஏறிவிட்டன. மாலைக்கான பூ பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து கோயம்பேடு வழியாக வருகிறது. தொட்டிச் செம்பருத்தியின் முதற்பகை மாவுப்பூச்சி. இது சைதாப்பேட்டைக் கள்ளியில் வளர்க்கப்பட்ட கோச்சினீல் பூச்சிக்கு உறவினம். இரண்டும் வெண்மெழுகு போர்த்தி, ஓரிடத்தில் ஒட்டிச் சாறு உறிஞ்சுபவை. செம்பருத்தியின் நுனி இலைகள் குறுகிக் கொத்தாகச் சுருண்டால், அதை விரித்துப் பார்ப்பதற்கு முன்பே தண்டில் ஏறி இறங்கும் எறும்புச் சாரை செய்தியைச் சொல்லிவிடும்: மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அந்த நீர் படிந்த இலையில் கரும்பூசணம் படர்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, செம்பருத்தி உட்படப் பல செடிகளுக்குப் பரவித் தெளிப்பு மருந்துகளுக்கு அடங்காமல் நின்றது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் ஒரு குட்டிக் குளவியே அதை ஒடுக்கியது.

வீட்டுத் தொட்டிக்கு இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. சுருண்ட நுனியை வெட்டி அழித்து, எறும்பின் ஏற்றத்தைத் தடுத்து, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து, வெயிலில் வேம்பின் சத்து சிதையும் என்பதால் மாலையில் தெளித்தால் பெரும்பாலும் போதும். ஆனால் தெளிக்குமுன் ஒன்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும். காப்பிச் செதில் பூச்சியை அழிப்பதற்காக 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பொறிவண்டு, அந்த வேலையில் சோபிக்காவிட்டாலும் மாவுப்பூச்சியைத் தின்று இங்கேயே நிலைத்துவிட்டது; அதன் புழு தன் இரையைப் போலவே வெண்மெழுகு இழைகளைப் போர்த்திருப்பதால், அதைப் பெரிய மாவுப்பூச்சி என்று கருதிப் பலர் நசுக்கிவிடுகின்றனர். மாவுப்பூச்சியைவிட நீண்ட இழைகளும் பெரிய உடலும் கொண்டு, தொட்டவுடன் விரைந்து நகர்வது பொறிவண்டின் புழு. அது கண்ணில் பட்ட செடிக்குச் சில நாள் எந்த மருந்தும் வேண்டாம்.