பெரிய கட்டடங்களில் குறைந்த மின்சாரத்தில் குளிர்ச்சி: திருவனந்தபுரம் காட்டும் வழி

திருவனந்தபுரம்: அலுவலகம், மருத்துவமனை, மாணவர் விடுதி, அடுக்குமாடிக் குடியிருப்பு எனப் பலர் கூடிப் பயன்படுத்தும் கட்டடங்களில் மின்செலவைக் குறைக்க எளிய வரிசை ஒன்று உண்டு. முதலில் வெயிலைச் சுவருக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும்; அடுத்து, காற்று இயங்க வழிவிட வேண்டும்; அதன் பிறகே இயந்திரத்தை நாட வேண்டும். கேரளத் தலைநகரின் உள்ளூர் பகுதியில் அமைந்துள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் இதற்கு அரை நூற்றாண்டுச் சான்றாக நிற்கிறது.

இவ்வரிசையின் தேவை இப்போது அதிகரித்துள்ளது. 2019-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட 'இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம்', நாட்டின் மொத்தக் குளிரூட்டல் தேவை 2017-18-ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் 2037-38-இல் சுமார் 8 மடங்காகும் என மதிப்பிடுகிறது. கட்டடங்களில் மட்டும் இத்தேவை ஏறக்குறைய 11 மடங்காக உயரும் எனவும் அது கூறுகிறது.

ஈரப்பதமே முதல் சிக்கல்

திருவனந்தபுரத்தில் கட்டடங்களை வெப்பமூட்ட வேண்டிய தேவை எழுவதில்லை. இங்குள்ள சிக்கல் வெப்பத்தோடு சேர்ந்து வரும் ஈரப்பதமாகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உடலின் வியர்வை எளிதில் ஆவியாகாது. எனவே, வெப்பமானியில் 32 டிகிரி செல்சியஸ் மட்டுமே காட்டினாலும் புழுக்கம் கடுமையாக இருக்கும்.

ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதிகளில் பயன்தரும் ஏர்கூலர், காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்ப்பதால் இங்கு பயனளிப்பதில்லை. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு பெரும்பாலும் 10 டிகிரிக்கும் குறைவு என்பதால், பகலில் வெப்பத்தை உள்வாங்கிய தடித்த சுவர்கள் இரவில் முழுமையாகக் குளிர்வதும் இல்லை. நிழலும் உடலைத் தொட்டுச் செல்லும் காற்றுமே இத்தகைய தட்பவெப்பத்திற்கு ஏற்ற தீர்வுகள். சென்னை, தூத்துக்குடி உள்ளிட்ட தமிழகக் கடற்கரை நகரங்களுக்கும் இது பொருந்தும்.

இந்த அறிவு கேரளத்திற்குப் புதிதன்று. நடுமுற்றம் கொண்ட நாலுகெட்டு வீடுகளும், நீண்டு சரிந்த ஓட்டுக் கூரைகளும் இதன் அடிப்படையில் உருவானவை. சென்னை பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்த ராபர்ட் சிசோம், திருவனந்தபுரத்தில் எழுப்பிய நேப்பியர் அருங்காட்சியகமும் இயற்கையான குளிர்ச்சிக்குப் பெயர் பெற்றது. அக்கட்டடம் 1880-இல் நிறைவடைந்தது.

சல்லடையாகும் செங்கல் சுவர்

வளர்ச்சி ஆய்வு மையம் பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் முன்னெடுப்பில் 1970-களின் தொடக்கத்தில் உருவானது. அதன் வளாகத்தை வடிவமைத்தவர், இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவைத் தாயகமாக ஏற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007). மத்திய அரசு 1990-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

செங்கற்களுக்கு இடையே சீரான துளைகளை விட்டுக் கட்டப்படும் 'ஜாலி' சுவர்கள் இவ்வளாகத்தின் சிறப்பு. இவை நேரடி வெயிலையும் கண்கூசும் ஒளியையும் தடுத்து, காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. குளத்தை ஒட்டி எழுப்பப்பட்ட உயரமான ஜாலி சுவர், காற்றழுத்த வேறுபாட்டைப் பயன்படுத்திக் குளிர்ந்த காற்றைக் கட்டடத்தினுள் ஈர்க்கிறது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையையும் பேக்கர் பரவலாக்கினார். இது சுமார் 25 சதவீதச் செங்கற்களை மிச்சப்படுத்துவதுடன், வெளி வெப்பம் உள்ளே பரவுவதையும் தாமதப்படுத்துகிறது.

இவ்வளாகத்தின் கணினி மையம் கவனிக்கத்தக்கது. கணினிக் கூடத்திற்குக் கட்டுப்படுத்தப்பட்ட வெப்பநிலை தேவை. ஆகவே அதற்கு இரட்டைச் சுவர்கள் அமைக்கப்பட்டன: வெளியே வட்ட வடிவ ஜாலி சுவர், உள்ளே மூடிய அறை. இயந்திரம் தேவைப்படும் இடத்திலும், அதன் சுமையை நிழலால் முதலில் குறைக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

குளிர்ந்த காற்று, தூய காற்றாகாது

சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை; அறையில் உள்ள காற்றையே மீண்டும் மீண்டும் குளிரச் செய்கிறது. பலர் அமர்ந்திருக்கும் அறையில் சன்னல்களை மூடி ஏசியை இயக்கினால், அவர்கள் வெளிவிடும் கரியமில வாயுவும் நோய்க்கிருமிகளும் அங்கேயே தங்கும். பொதுக் கட்டடங்களில் இது மின்கட்டணத்தைக் காட்டிலும் பெரிய சிக்கலாகும்.

கொரோனா பரவலின்போது, 2021-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் ஒருவருக்கு வினாடிக்குக் குறைந்தது 10 லிட்டர் வெளிக்காற்று தேவை எனப் பரிந்துரைத்தது. மருத்துவமனைகளில் நோயாளி ஒருவருக்கு இது 60 லிட்டர்.

ஆனால் வெளிக்காற்றுடன் வெப்பமும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. இதற்குத் தீர்வாகப் பெரிய கட்டடங்களில் ஆற்றல் மீட்புக் காற்றோட்டக் கருவிகள் பொருத்தப்படுகின்றன. வெளியேறும் குளிர்ந்த காற்று, உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஓரளவு பெற்றுக்கொண்டு செல்கிறது. குளிர் நாடுகளில் இதே கருவி, வெளியேறும் சூடான காற்றைக் கொண்டு உள்ளே வரும் காற்றை வெதுவெதுப்பாக்குகிறது. மருத்துவமனைகளும் தங்கும் விடுதிகளும் ஏசி வெளியேற்றும் வெப்பத்தை வெந்நீர் தயாரிக்கப் பயன்படுத்தலாம்.

விதிகள் கூறுவது என்ன?

எரிசக்தித் திறன் பணியகம் (பிஇஇ) 2007-இல் அறிமுகப்படுத்தி, 2017-இல் புதுப்பித்த எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புச் சுமை கொண்ட வணிகக் கட்டடங்களுக்கானது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் இத்தகைய விதிகளின் வரம்புக்குள் கொண்டுவர வழிவகுத்தது.

குடியிருப்புகளுக்கென 2018-இல் வெளியான 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா', வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய சன்னல், கதவு, வெண்டிலேட்டர்களின் பரப்பு, உட்தளப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஆறில் ஒரு பங்கு. 60 சதுர மீட்டர் வீட்டுக்கு 10 சதுர மீட்டர் திறப்பு தேவை. வீடு வாங்குவோர் வரைபடத்தைப் பார்த்தே இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பழைய கட்டடங்களில் செய்யக்கூடியவை

* மேற்குச் சுவர், சன்னல்களுக்கு வெளிப்புறத்தில் நிழல் தரலாம். கண்ணாடி வழியே நுழைந்த வெயிலை உட்புறத் திரையால் முழுமையாகத் தடுக்க இயலாது.

* மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசலாம்.

* சுமார் 75 வாட் மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவிலான பிஎல்டிசி மின்விசிறியைப் பொருத்தலாம். 100 விசிறிகள் கொண்ட விடுதியில், நாளொன்றுக்கு 10 மணி நேரம் வீதம் 300 நாள்கள் இயங்கினால், ஆண்டுக்கு 13,500 யூனிட் மிச்சமாகும்.

* ஏசியின் வெப்பநிலையைச் சற்று உயர்த்தி, விசிறியையும் சேர்த்து இயக்கலாம். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது பிஇஇ மதிப்பீடு. 2020 ஜனவரி 1 முதல் அறை ஏசிகளின் இயல்பு அமைப்பு 24 டிகிரியாக நிர்ணயிக்கப்பட்டுள்ளது.

* மைய ஏசி உள்ள கட்டடங்களில் காற்றுவிசிறி மோட்டார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தலாம். விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், அதற்குத் தேவையான மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

* ஏசி உள்ள கூட்ட அறைகளில் வெளிக்காற்றுக்குத் தனி வழி அமைக்கலாம். அதுவரை, இடைவேளைகளில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைப்பது அவசியம்.

புதிய கட்டடமாயின், இவற்றுள் நிழலும் காற்றுவழியும் வரைபட நிலையிலேயே முடிவாக வேண்டியவை. சுவர் எழும்பிய பின் சன்னலின் திசையை மாற்ற முடியாது. அதன்பின், பிழையான திசைக்கான விலையைக் குடியிருப்போரே மாதந்தோறும் மின்கட்டணமாகச் செலுத்த வேண்டியிருக்கும்.