பொதுக் கணிப்பொறியும் புதுப்பிக்கும் பொறுப்பும்

பலர் நீர் எடுக்கும் ஊருணியைத் தூர்வார ஒருவரும் தாமாக முன்வருவதில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆகவே குடிமராமத்து என்னும் முறையை வகுத்து, வீட்டுக்கு ஓர் ஆள் என்று கணக்கிட்டு, மழைக்கு முன்பே அவ்வேலையை முடித்தனர். பலர் கூடிப் பயன்படுத்தும் கணிப்பொறியின் சரித்திரத்திலும் இதே சிக்கல் எழுந்தது. திருவனந்தபுரம் அதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இங்கு நாம் கூறவிருக்கும் செய்தி.

மென்பொருளில் பிழைகள் இருப்பது இயல்பு. முற்காலத்தில் அவற்றுக்கான திருத்தங்கள் காந்த நாடாவில் வந்தன; பொறுப்பாளர் ஒருவர் ஏற்றுவார். இணையம் பரவியபின் அப்பொறுப்பாளர் பல இடங்களில் இல்லாமற் போனார். 2003 ஜூலை 16-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. பலர் அதனை ஏற்றவில்லை. ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்னும் நச்சுநிரல் அவ்வோட்டை வழியே உலகெங்கும் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தம் வெளியிடும் வழக்கம் பிறந்தது. 2004-இல் வந்த எக்ஸ்பி திருத்தத் தொகுப்பு, மனிதர் கை படாமல் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை இயக்கி வைக்குமாறு வற்புறுத்தியது.

தனி ஒருவரின் கணிப்பொறிக்கு இது நன்மையே. பொதுக் கணிப்பொறிக்கோ தொல்லையும் உடன் வந்தது. அமெரிக்காவில் செவ்வாய் காலை வெளியாகும் திருத்தம் நமக்குச் செவ்வாய் இரவு கிடைக்கும். அப்போது அலுவலகம் பூட்டிக் கிடக்கும். புதன் காலையில் எல்லா இயந்திரங்களும் ஒருங்கே விழித்து, ஒரே இணைப்பின் வழியாகத் திருத்தத்தை இறக்கத் தொடங்கும். இணைய நிலையங்களில் மற்றொரு விந்தை உண்டு. வாடிக்கையாளர் செய்த மாற்றங்களை அழிப்பதற்காக, அணைத்து இயக்கினால் பழைய நிலைக்கே திரும்பும் மென்பொருளை அங்கு வைத்திருப்பர். தக்க நேரம் ஒதுக்காவிடில், அது புதிய திருத்தத்தையும் சேர்த்தே அழித்துவிடும். மறுநாள் மீண்டும் அதே இறக்கம். நாமும் ஓர் அலுவலகத்தில், மொழிபெயர்த்த பக்கங்களைச் சேமிக்கும் முன்பே திரை இருள, ‘மின்சாரத்தை நிறுத்த வேண்டா’ என்ற வாசகத்தையே அரை மணி நேரம் பார்த்திருந்ததுண்டு.

இத்தொல்லைக்கு அஞ்சிப் புதுப்பித்தலையே நிறுத்தியவர்கள் பலர். அதற்கும் விலை உண்டு. 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ கிளம்பிக் கோப்புகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்டது. உரிய திருத்தம் மார்ச் 14-ஆம் நாளே வெளிவந்திருந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் பரவிய அது, கேரளத்தின் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

கேரளப் பள்ளிகள் வேறு வழியை நாடின. 2001-இல் அங்கு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கிற்று. பள்ளிகள் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாறின. 2017-இல் அத்திட்டமே ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் திருவனந்தபுரத்தில் பூஜப்புரையில் உள்ளது. ஈராண்டுக்கு ஒருமுறை வரும் உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, பாடத்துக்கு வேண்டியவற்றையும் சேர்த்து, எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பதிப்பை அது ஆக்கித் தருகிறது. 2019 மே மாதத்தில், பள்ளிகள் திறக்குமுன், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளுக்கென 18.04 பதிப்பு வெளியிடப்பட்டது. பள்ளிதோறும் இதனைக் கவனிக்க ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றிருக்கிறார். பத்தாம் வகுப்பு மாணவர் ஐ.டி. செய்முறைத் தேர்வை இவ்வியந்திரங்களிலேயே எழுதுகின்றனர். ஒரு பள்ளியின் திரை ஒருவிதமாகவும் மற்றொன்றின் திரை வேறுவிதமாகவும் இருப்பின் அத்தேர்வு நியாயமாகுமா?

பொறுப்பு முழுவதையும் இயந்திரத்திடம் விடுவதன் ஆபத்தை 2024 ஜூலை 19-ஆம் நாள் உலகம் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று தானாகவே இறங்கி, ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகளை முடக்கிற்று. நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர்.

வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்கள் தத்தம் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் ஒரு கணிப்பொறி வைத்திருக்கக்கூடும். அதைப் புதுப்பிக்க ஒரு நாளையும், பொறுப்பேற்க ஓர் ஆளையும் குறித்து, இரண்டையும் சுவரில் எழுதி வைத்தல் நலம். குடிமராமத்து நமக்குப் புதிதன்று.