அப்பாவின் ஹெரால்டு

அறுபதைத் தாண்டிய நம் அங்கத்தினர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பாசடர் கல்கத்தா பக்கத்திலும், ஃபியட் பம்பாயிலும் தயாரான காலத்தில் மதராஸுக்கென்றும் ஒரு கார் இருந்தது. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் 1961ல் அதன் உற்பத்தி ஆரம்பமாயிற்று. திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் அகத்து வாசலில் நின்றதும் அதுதான். இரண்டு கதவு வண்டி. அப்பா காலமான பிறகு பல வருஷம் ஷெட்டில் கிடந்தது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. ரிடையர் ஆன கையோடு ஸ்பானர் செட் ஒன்று வாங்கினேன்.

பாங்கில் கணக்கு எழுதிய கை காரைப் பிரித்துப் பூட்ட முடிந்தது என்றால், பெருமை அந்தக் கையைச் சேராது. வண்டி பிறந்த விதம் அப்படி.

1950களில் உலகமெங்கும் கார்களின் அடிச்சட்டத்தையும் உடலையும் ஒரே கூடாகப் பற்றவைக்கும் முறை பரவி வந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அத்தகைய கூடுகளைச் செய்து கொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. அதை விலைக்கு வாங்கிவிட்டது. புதுக் காருக்குக் கூடு செய்ய ஆளில்லை. வேறு வழியின்றிப் பழைய பாணிக்கே திரும்பினார்கள்: தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் வெவ்வேறு இடங்களில் செய்த பாகங்களைப் போல்ட்டு போட்டு முடுக்கிய உடல். இத்தாலியரான மிக்கலாட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959 ஏப்ரலில் டிரயம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அக்ரஹாரத் தெருவுக்கென்றே செய்தாற்போல!

துண்டு துண்டாக வருவதால் கப்பலில் அனுப்பி அயல்நாட்டில் பூட்டுவதும் சுலபம். மதராஸுக்கு அது வாய்ப்பாக அமைந்தது. 1962ல் டிரயம்ஃப் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் தம்பிதான். சட்டத்தைச் சுருக்கி, முன்சக்கர அமைப்பையும் பின்பக்கக் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1980 வரை அது ஓடியதால் இங்கிலாந்தில் இன்றும் உதிரிகள் செய்கிறார்கள். மதராஸ் ஹெரால்டுக்கும் அவற்றில் பல பொருந்தும்.

பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுதும் சாய்ந்து எழும். டயர்மேல் உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். உடலோ முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு பெரிய துண்டு. கழற்றுமுன் ஒன்றை மறக்கக்கூடாது. சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே எந்த இடத்தில் எத்தனை வாஷர் என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நான் இடப்பக்கம் குறிக்கவில்லை. கதவு சரியாக மூட மூன்று மாதம் மல்லாடினேன். கரமனை ஈரத்தில் டிக்கியின் தரையும், சட்டத்தின் பக்கவாட்டுக் கைகளும் அரித்திருந்தன. எப்போதோ யாரோ பட்டி பூசி மறைத்திருந்தார்கள். சுரண்டச் சுரண்ட ஓட்டைதான். அதற்கு மட்டும் டிங்கரிங் தெரிந்தவரை அழைத்தேன்.

ஹெரால்டை அறிந்தவர்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை உண்டு. அது டிரனியன் என்னும் வெண்கலக் கட்டைக்குள் சுழன்றுதான் சக்கரம் திரும்பும். அதற்குள் விடவேண்டியது கியர் எண்ணெய், 90 நம்பர். கிரீஸ் அல்ல. கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் அடிவரை போகாது. மழைநீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நம் ஊரிலோ இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்துக்கு இரண்டு மழை! அப்பா காலத்தில் எங்கள் வண்டிக்கு எல்லா இடத்திலும் கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். தண்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது மரையில் நகம் நுழையும் ஆழத்துக்குக் குழி. இதிலா குழந்தைகளாகிய நாங்கள் கன்னியாகுமரி போய்வந்தோம் என்று உடம்பு நடுங்கியது. இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினேன். இடம், வலம் மரைகள் எதிரெதிர் சுற்று, மாற்றிப் பூட்டக்கூடாது.

இந்த ஊருக்குக் காரைப் பேணும் வழக்கம் புதிதல்ல. ஸ்ரீ உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1955ஆம் வருஷத்து பென்ஸ் காரை, 2013ல் மறையும்வரை தம்மிடமே வைத்திருந்தார். 1966ல் கே.ஏ.பி. மேனன் இங்கேயே 'அரவிந்த்' என்ற சிறு காரை உருவாக்கினார். உரிமம் கிடைக்காமல் அது முதல் வண்டியோடு நின்றது.

தம்பிக்கு நான் காட்டிய கடைசி ஆதாரம் 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி. 50 வருஷம் கடந்த, வியாபாரத்துக்குப் பயன்படாத கார்களை 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சட்டம், உடல், இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது. வேறு வண்டியின் இன்ஜினைப் பொருத்தி ஓட்டிய ஹெரால்டுகள் எத்தனையோ. எங்கள் வண்டியில் 948 சி.சி. இன்ஜின் அப்படியே இருக்கிறது. போன மாதம் ஆரியசாலை வரை ஓட்டிப் போனேன். பக்கத்து ஸீட்டில் தம்பி.

வேறு ஊர்களில் அங்கத்தினர் யார் வீட்டு ஷெட்டிலாவது ஹெரால்டு நின்றால், ஸ்டார்ட் செய்யும் முன் அந்த டிரனியனைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.