சுவர் தரும் சான்று: மலாக்காத் தமிழர் மரபுக் கட்டடங்களும் குறைந்த விலை உணரிகளும்

முன்னுரை

மலாக்காத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பயணக் குறிப்புகள், டச்சு ஆட்சிக்கால ஆவணங்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்வது வழக்கம். கட்டடங்களும் அத்தகைய சான்றுகளே. ஆயினும், ஏட்டைக் காப்பதில் காட்டும் அக்கறையை நாம் சுவரைக் காப்பதில் காட்டுவதில்லை. ஏடு சிதைந்தாலும் அதன் படி எங்கேனும் எஞ்சக்கூடும். பழஞ்சுவரின் காரை உதிர்ந்தால் அதற்குப் படி கிடையாது. குறைந்த விலையில் கிடைக்கும் மின்னணு உணரிகள் இக்குறையை எந்த அளவுக்கு ஈடுசெய்யும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பொற்கொல்லர் தெருவும் உப்பும்

மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸ் எனப்படும் பொற்கொல்லர் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அமைந்துள்ளது. டச்சு ஆட்சியினர் வழங்கிய நிலத்தில், மலாக்கா செட்டிச் சமூகத்தின் தலைவர் தெய்வநாயகம் செட்டி 1781-இல் இதனை எழுப்பினார் என்பது வரலாறு. 1748-இல் தோன்றிய கம்போங் கிலிங் பள்ளிவாசலும், 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இதற்கு அண்மையிலேயே உள்ளன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது இப்பகுதியும் அதனுள் அடங்கியது.

இத்தகைய பழநகரக் கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனவை. கடல் தூர்க்கப்படுவதற்கு முன்னர், கரையோரத் தெரு வீடுகளின் பின்புறம் வரை அலை வந்தது. ஆகவே, நிலத்தடி ஈரத்தோடு உப்பும் சுவரில் ஏறுகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, சோற்றுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கரைகிறது. அதற்குக் கீழிறங்கும்போது மீண்டும் படிகமாகிறது. காரையின் நுண்துளைக்குள் படிகம் வளரும்போது ஏற்படும் அழுத்தமே காரையைப் பொடியாக்குகிறது.

மலாக்காவின் தட்பவெப்பத்தில் இவ்வெல்லை அடிக்கடி கடக்கப்படுகிறது. விடியலில் 24 பாகை செல்சியசில் 95 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட காற்று, நீராவியின் அளவு மாறாமல் நண்பகலில் 32 பாகைக்குச் சூடேறுமாயின், அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 விழுக்காடாகக் குறையும். அத்தகைய நாளின் சராசரியை மட்டும் நோக்குவோர் எண்பதுக்கு அருகில் ஓர் எண்ணைக் கண்டு, நிலை சீராக உள்ளது என்றே முடிவு செய்வர். ஆனால் சுவருக்குள் உப்பு ஒருமுறை கரைந்து ஒருமுறை இறுகியிருக்கும். எனவே நமக்கு வேண்டியது சராசரியன்று. எல்லை எத்தனை முறை கடக்கப்பட்டது என்னும் எண்ணிக்கையே ஆகும்.

மயிரிழையிலிருந்து உணரி வரை

விநாயகர் ஆலயம் எழுந்து ஈராண்டுகளுக்குப் பின், 1783-இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒராஸ்-பெனடிக்ட் தெ சொஸ்யூர் மனிதத் தலைமயிரைக் கொண்டு ஈரத்தை அளக்கும் கருவி பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஈரம் மிகும்போது மயிர் நீள்கிறது என்பதே அதன் அடிப்படை. அக்கொள்கையில் அமைந்த தாள்சுருள் பதிவுக் கருவிகள் 20-ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்களில் பரவலாயின. கம்பியில்லா உணரிகள் அடுத்த கட்டமாகும். இத்தாலியின் திரெந்தோ நகரிலுள்ள தோர்ரே ஆக்கிலா என்னும் இடைக்காலக் கோபுரத்தில், அருகே சாலைச் சுரங்கம் திட்டமிடப்பட்டதை முன்னிட்டு, பதினாறு கம்பியில்லா உணரி முனைகள் நிறுவப்பட்டன. இம்முயற்சி பற்றிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது.

இன்று ஈரப்பதமும் வெப்பநிலையும் அளக்கும் ஓர் உணரியையும் இஎஸ்பி32 போன்ற ஒரு சிறு கணிப்பலகையையும் நூறு ரிங்கிட்டுக்கும் குறைவாக வாங்கலாம். பத்து நிமிடத்திற்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளில் 144 பதிவுகள் சேரும். ஆயினும் விலை குறைந்த உணரி நாளடைவில் பிறழக்கூடியது. அதனைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. மூடிய கண்ணாடிக் குடுவையில் ஈரமான உப்புக் குழம்பை வைத்து, அது படாதவாறு உணரியை உள்ளே தொங்கவிட்டால், சில மணி நேரத்தில் அது 75 விழுக்காட்டைக் காட்டவேண்டும். சுவரை அரிக்கும் அதே உப்பு இங்கு அளவுகோலாகப் பயன்படுவது நோக்கத்தக்கது.

திருப்பணியும் பதிவும்

இப்பதிவுகளால் விளையும் பயன் யாது என்னும் வினா எழலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்த்துவது நம் மரபு. அதற்கு முந்தைய திருப்பணியில்தான் பழஞ்சுவரின் விதி தீர்மானிக்கப்படுகிறது. பக்தியோடும் நன்னோக்கோடும் பூசப்படும் சிமெண்டும் பதிக்கப்படும் ஓடும் ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகின்றன. உப்பு மேலேறி வேறிடத்தில் வெடிக்கிறது. அதனை எடுத்துரைப்பவரிடம் காட்டத்தக்க சான்று இருப்பதில்லை. திருப்பணிக்கு முன் ஓராண்டும் பின் ஓராண்டும் பதிவு இருந்தால், நிர்வாகத்தினரும் ஸ்தபதியும் அதனை முன்வைத்து உரையாடலாம்.

உணரிக்கு வரம்புகள் உண்டு. அது காற்றை அளக்கிறதே அன்றிச் சுவரின் உட்புறத்தை அளப்பதில்லை. சுவரில் பல உப்புகள் கலந்திருப்பின் மேற்சொன்ன எல்லையும் மாறும். அபிஷேகம், தரை கழுவுதல், விளக்கேற்றுதல், மழை ஆகியவற்றை நாள், நேரத்துடன் குறிக்கும் ஒரு குறிப்பேடு உடனில்லையெனில் எண்கள் பொருள் தரா. அர்ச்சகரின் இசைவுடன் மண்டபத்தில் துளையிடாமல் தொங்கவிடுவதே முறையாகும்.

தோட்டங்களின் நிலை

உலக மரபு எல்லை நகர மையத்தையே உள்ளடக்கியது. தோட்டங்கள் அதற்கு வெளியே உள்ளன. 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும் அடுத்துப் புக்கிட் அசகானிலும் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டதிலிருந்து தொடங்குகிறது மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்ட வரலாறு. அத்தகைய தோட்டங்களில் உழைத்த தமிழர் எழுப்பிய கோயிலும் பள்ளியும் லயமும், தோட்டம் கைமாறும்போது பதிவின்றி மறைகின்றன. விலை மிகுந்த கருவியோடு அங்கு எந்த ஆய்வுக்குழுவும் செல்வது அரிது. குறைந்த விலை என்பதன் உண்மையான பொருள் அங்குதான் விளங்குகிறது. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் ஆறாம் ஆண்டு மாணவரும் அப்பணியைத் தொடங்க இயலும்.

முடிவுரை

உணரி எந்தச் சுவரையும் காப்பதில்லை. காப்பவர் கையில் சான்றைத் தருகிறது. கல்வெட்டை மைப்படி எடுத்த தலைமுறையினரால் இன்று நாம் அழிந்த கல்லையும் படிக்கிறோம். மலாக்காவின் அடுத்த திருப்பணிக்கு முன் ஓராண்டுப் பதிவேனும் எடுத்து வைப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.