ஒப்படைத்த கையும் ஏற்ற கையும்

பாலை மரத்தையும் நீரூற்றையும் தன் பெயரிலேயே சேர்த்து வைத்திருக்கும் பாலையூற்றிலே, விடியுமுன் திருகோணமலை நகருக்கு வேலைக்குப் புறப்படும் ஒரு தாய், தன் பிள்ளையை உறவினரிடமோ ஆசிரியரிடமோ ஒப்படைக்கும்போது, பத்திரம் எதுவும் எழுதி வாங்குவதில்லை. விசுவாசம் ஒன்றே அங்கே சாசனம். வேலியே பயிரை மேயும் கொடுமையைப் பழமொழியாகச் சொல்லிவைத்த நம் சமூகம், அக்கொடுமைக்குச் சட்ட ஏட்டிலே ஓர் இடம் கிடைப்பதற்கு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, 12 வயதுக்குட்பட்ட சிறுமியின் சம்மதம் சம்மதமாகாது என்ற அளவில் நின்றுவிட்டது. அவ்வயதைக் கடந்தவள் இசைந்தாளா, எதிர்த்தாளா என்று துருவிய நீதிமன்றத்துக்கு, அவள் யாருடைய பாதுகாப்பில் இருந்தாள் என்பது பிரதான வினாவாகவில்லை. அந்த முன்மாதிரி பிறந்த இந்தியாவிலும் இதே நிலைதான். 1972இல் மகாராஷ்டிரத்துக் காவல் நிலையமொன்றில் ஆதிவாசிச் சிறுமியொருத்திக்கு நேர்ந்த கொடுமையில், எதிர்த்ததற்கான அடையாளம் உடலில் இல்லையென்று காவலர் இருவரையும் இந்திய உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது எழுந்த அறச்சீற்றமே, காவலில் உள்ள பெண்ணைக் கெடுக்கும் அதிகாரிக்குத் தனித் தண்டனை விதித்த 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பிறப்பித்தது.

சிறுவர் உரிமைச் சாசனத்தை 1991இல் ஏற்றுக்கொண்ட இலங்கையும், 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் அவ்வழியே நடந்தது. சம்மத வயது 16 ஆயிற்று. உடற்காயம் இல்லாமை சம்மதத்துக்குச் சான்றாகாது என்பது எழுத்தில் ஏறிற்று. தன் ஸ்தானத்தைத் துஷ்பிரயோகம் செய்து வன்புணரும் அதிகாரிக்கும், தன் பொறுப்பிலுள்ள பெண்ணைக் கெடுக்கும் சிறுவர் இல்ல ஊழியனுக்கும், வைத்தியசாலை ஊழியனுக்கும் பத்து முதல் இருபது ஆண்டு வரை கடூழியச் சிறை குறிக்கப்பட்டது. இரத்த உறவுக்குள் நிகழும் கொடுமை தனிக் குற்றமாயிற்று. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றிற்று. 1929 என்ற அதன் தொலைபேசி இலக்கத்தை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் சிதைத்துப் பல பிள்ளைகளைப் பெற்றோரற்றவராக்கியபோது, அத்தகையோருக்கு அந்த அதிகாரசபையையே காப்பாளராக்கியது 2005ஆம் ஆண்டின் விசேட சட்டம்.

ஆயினும் பணி முற்றுப்பெறவில்லை. 16 வயது நிறைந்த மாணவியை அவளுடைய ஆசிரியன் நெருங்கும்போது, வயது மாத்திரம் அவளைக் காப்பதில்லை. வற்புறுத்தலோ அச்சுறுத்தலோ இருந்ததை மெய்ப்பித்தாக வேண்டியிருக்கிறது. நம்பிக்கைக்குரிய ஸ்தானத்தில் இருப்பவர் 18 வயது நிரம்பாதவரோடு கொள்ளும் உடலுறவை, சம்மதம் இருந்தபோதிலும் குற்றமென்று பிரித்தானியா 2000ஆம் ஆண்டிலே விதித்துவிட்டது. மதிப்பெண்ணையும் எதிர்காலத்தையும் தன் கையில் வைத்திருப்பவனுக்கு முன்னால் ஒரு பிள்ளை சொல்லும் 'சரி' என்ற சொல், சுயாதீனமான சொல்லன்று. ஆதலால், பிள்ளை ஏன் மறுக்கவில்லை என்று கேட்பதை விடுத்து, பெரியவரே, உம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்ன என்று நியாயஸ்தலம் முதலிற் கேட்க வேண்டும். விடியுமுன் படலையைச் சாத்திவிட்டுப் போகும் அந்தத் தாய் எழுதி வாங்காத பத்திரத்தை, அவள் சார்பில் எழுதிவைக்க வேண்டியது சட்டமே.